சாமியறையில் ஒரு பெனின் பறவை

என் மாமியார் ஒரு வெண்கலப் பறவையைச் சனீஸ்வரனின் காகம் என்று நினைத்து வருடக்கணக்காகக் கும்பிட்டு வந்தார். அது காகமே இல்லை. மேற்கு ஆபிரிக்காவில், பெனின் நகரத்தில், அரண்மனைக்கு வெண்கலம் வார்க்கிறவர்களின் தெருவில் என் அப்பா வாங்கியது. அப்பா அங்கே கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்து வாத்திமார் கூட்டம் கூட்டமாக நைஜீரியாவுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. எங்கள் சொந்தத்திலேயே அப்படிப் போனவர்கள் பலர். எனக்குப் பால்பற்கள் விழுந்ததெல்லாம் அந்த ஊர்ச் செம்மண்ணில்தான்.

அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு அவர்களுடைய சாமான்களில் கொஞ்சம் என்னோடு கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வந்தது. ஒரு சிறுத்தை, சுவரில் மாட்டுகிற ஒரு தகடு, அந்தப் பறவை. எல்லாம் அரண்மனைச் சாமான்களின் நகல்கள். சிறுத்தையின் தலையில் ஒரு துவாரம் இருக்கும், அதற்குள் தண்ணீர் ஊற்றினால் மூக்கால் வரும். பெனின் ராசா கை கழுவுவதற்கு அப்படியான குடுவைதான் வைத்திருந்தாராம். காட்டுக்குச் சிறுத்தை ராசா, ஊருக்கு அவர் ராசா. சிறுத்தையைக் கொல்லச் சொல்ல அவர் ஒருவருக்குத்தான் உரிமை. மனிதரின் உயிரை எடுக்கச் சொல்லவும் அவர் ஒருவருக்குத்தான்.

தகட்டில் ராசாவே நிற்பார். கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சேற்றுமீன்கள் வளைந்து மேலே எழும்பும். எங்களுடைய விரால் மாதிரி, குளம் வற்றினாலும் சேற்றுக்குள் கிடந்து மழைக்கு எழும்பி வருகிற மீன். தண்ணீருக்கும் தரைக்கும் நடுவில் சீவிக்கிற பிராணி என்பதால், கடல் தெய்வத்துக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்கிற ராசாவுக்கு அதைக் காலாக வைத்தார்களாம். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது இல்லை. பெனினில் எங்கள் வாடகை வீட்டுக்குச் சொந்தக்காரி வெண்கலம் வார்க்கிற குடும்பத்துப் பெண். அம்மாவுக்கு அவர் கதை சொல்லும்போது நான் பக்கத்தில் நின்று கேட்டவை.

மாமி எங்களோடு வந்து இருக்கத் தொடங்கியபோது தகட்டைப் பார்த்து, இது மச்சாவதாரமா என்று கேட்டார். இல்லை மாமி, அந்த ஊர் ராசா என்று சொன்னேன். மீன் காலோடு ஒரு ராசாவா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். பறவையைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. ஒரு நாள் கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து வந்து பார்த்தால், அது சாமியறைத் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்தது. நெற்றியில் விபூதி, சந்தனம். நீண்ட கொக்கிச் சொண்டும் விரித்த செட்டையும், நம்முடைய காகத்துக்கு எங்கே இப்படியொரு சொண்டு? எனக்குச் சிரிப்பு வந்தது. மாமியோடு எதற்கெல்லாம் சண்டை பிடிக்கிறது என்று விட்டுவிட்டேன். வெள்ளவத்தையில் கடல் காற்றுக்கு வெண்கலம் பாசி பிடித்தது மாதிரிப் பச்சையாகும். மாமி கிழமைக்குக் கிழமை பழப்புளி போட்டு மினுக்கி வைத்தார். அந்த விதத்தில் எனக்கு வேலை மிச்சம்.

தைப்பொங்கல் கழிந்த கையோடு என் மனிசனுக்குக் கண் மஞ்சளானது. முதலில் வெயில் சூடு என்றார். பிறகு தோலும் மஞ்சளானது, உடம்பெல்லாம் கடி, சொறிந்துகொண்டே இருந்தார். ஸ்கான் எடுத்துப் பார்த்ததில் சதையியில், கணையம் என்கிறார்களே அதில், ஒரு கட்டி. குழாய் ஒன்று வைத்து மஞ்சளை இறக்கினார்கள். சத்திர சிகிச்சை நிபுணர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்து ஆறுதலாகச் சொன்னார். கட்டி இன்னும் இரத்தக் குழாயைத் தொடவில்லை, இப்போது வெட்டினால் முழுதாக எடுக்கலாம், பிந்தினால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது. பெரிய சத்திர சிகிச்சைதான், ஆபத்து இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் இவர் ஓட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் ஓட்டோக்காரனிடம் சிங்களத்தில் சும்மா எதையோ கதைத்துக்கொண்டு வந்தேன்.

மாமி அடுத்த நாளே இவருடைய சாதகக் குறிப்பை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். அங்கே ஒரு சாத்திரியார். மாமி குடும்பத்தில் கலியாணமோ, வீடு மாறுவதோ, வெளிநாட்டுப் பயணமோ அவரைக் கேட்காமல் நடந்ததில்லை. திரும்பி வந்தபோது மாமியின் முகம் செத்துப் போயிருந்தது. இவருக்கு அட்டமத்துச் சனி. பங்குனியில் சனி மாறுகிறது. அதற்கு முதல் உடம்பில் கத்தி பட்டால் ஆள் மேசையை விட்டு எழும்பாது. சாத்திரியார் சொன்னது அவ்வளவுதான்.

நான் பெரிதாக எடுக்கவில்லை. இவர் படித்த மனிதர். பாலமும் மாடிக் கட்டடமும் கணக்குப் போட்டுக் கட்டுகிற பொறியியலாளர். கோயிலுக்குப் போனாலும் செருப்பை யார் எடுத்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். அம்மாவின் விசர்க்கதை என்று சிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுவார் என்று நினைத்தேன். ஆனால் இவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, "பங்குனிதானே, பொறுத்துப் பாப்பம்," என்றார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அன்று தொடங்கி நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அழுதேன், கத்தினேன், கதைக்காமல் இருந்து பார்த்தேன். கல்கிசையில் இருக்கிற இவருடைய பழைய சினேகிதரைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். இவர் எல்லோருக்கும் தலையை ஆட்டினார், ஒன்றும் செய்யவில்லை. மஞ்சள் இறங்கியதால் ஆள் பார்வைக்கு நன்றாகத் தேறியிருந்தார். காலையில் கடற்கரைப் பக்கம் தண்டவாளத்தோரம் நடந்துவிட்டு வருவார். மீன் குழம்பு கேட்டுச் சாப்பிடுவார். பார்க்கிறவர்களெல்லாம், ஆளுக்கு ஒன்றுமில்லைப் போல, வீணாக ஏன் வெட்டுவான் என்று வாய் கூசாமல் சொன்னார்கள். கோதாரி, இவர்களுக்கு என்ன தெரியும்? உள்ளே அது வளர்ந்துகொண்டிருக்கிறது. இவர் கறியைப் பிசைந்து வாயில் வைக்கிற ஒவ்வொரு நேரமும் எனக்கு அதுதான் நினைவில் வந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இவர் போய் அந்த மேசையில் படுக்க வேண்டும், பிந்துவதற்குள் படுக்க வேண்டும்.

கடைசியில் நானே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாமிக்குத் தெரியாமல்தான். சாத்திரியார் ஒடுக்கமான ஒரு வீட்டில், வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்க, பாயில் இருந்தார். நான் கற்பனை பண்ணி வைத்திருந்த கள்ளச் சாத்திரி முகம் இல்லை அவருக்கு. அமைதியான மனிதர், தண்ணீர் கொடுத்து இருக்கச் சொன்னார். சனி மாறிவிட்டது என்றோ, வேறு பரிகாரம் செய்தால் இப்போதே வெட்டலாம் என்றோ மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். காலில் விழாத குறை. அவர் முன்னால் கிடந்த பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

"பிள்ளை, கிரகம் காட்டுறதைத்தான் நான் சொல்லலாம். உமக்காக மாத்திச் சொன்னா, பிறகு ஆருக்கும் நான் ஒண்டும் சொல்லேலாது."

கள்ளனாக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். இந்த மனிதர் நேர்மையாக இருந்து எங்களைக் கொல்லப் பார்த்தார். வெளியே வந்து, எங்கே போகிறேன் என்று தெரியாமல் கொச்சிக்கடை வரைக்கும் நடந்து, அந்தோனியார் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். முழங்காலில் நின்றவர்கள் எல்லோரும் சிலுவை போட்டார்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் தோளைத் தடவிவிட்டுத் தன் வேண்டுதலைத் தொடர்ந்தாள்.

அடுத்து வந்த சனிக்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது வீட்டில் எள்ளெண்ணெய் மணந்தது. மாமி சனிக்கிழமைகளில் எள்ளுப் பொட்டலம் எரிக்கிறது வழக்கம். பல்கனியில் காகத்துக்கு எள்ளுச் சோறு வைத்தாகிவிட்டது, காகங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. சாமியறையை எட்டிப் பார்த்தேன். மாமி விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இவர். நெற்றி நிறைய விபூதி, கை இரண்டும் கூப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். கூப்பியிருந்தது பிள்ளையாருக்கு இல்லை, முருகனுக்கு இல்லை. அந்தப் பறவைக்கு.

எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கையில் இருந்த மரக்கறிப் பையைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பறவையைத் தூக்கினேன். குசினி மேசையில் வைத்தேன். அகப்பைகள் தொங்குகிற இடத்தில் பித்தளை அகப்பை ஒன்று இருந்தது, அதை எடுத்துப் பறவையின் சொண்டில் அடித்தேன். கணீரென்று சத்தம் வீடு முழுக்கப் போனது. மீண்டும் அடித்தேன். மாமி ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இவர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"அதை அடியாதையும்."

"இது அடிக்கிறதுக்கெண்டு செய்த சாமான்," என்றேன்.

அப்போதுதான் அந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். இவ்வளவு காலமாக என் வாய்க்குள் கிடந்த கதை. பெனினில் ஒரு ராசா போருக்குப் போகிறார். வழியில் ஒரு பறவை மரத்தில் இருந்து, அழிவு அழிவு என்று கத்துகிறது. அந்தப் பறவை கத்தினால் நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. படையில் இருந்தவர்கள் திரும்பிப் போவோம் என்கிறார்கள். ராசா, அதைச் சுட்டு விழுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார், போய் வெல்கிறார். வந்ததும் அந்தப் பறவையை வெண்கலத்தில் வார்க்கச் சொல்கிறார். அரண்மனை விழாவில் பிரபுக்கள் ஒவ்வொருவரும் அந்த வெண்கலப் பறவையைக் கையில் பிடித்து, ஒரு கோலால் அதன் சொண்டில் அடித்துக்கொண்டு ராசாவைச் சுற்றி வருவார்கள். குறி சொன்ன வாயில் அடிக்கிற அடி. சாவு என்று சொன்ன பறவையை நம்பி இருந்திருந்தால் ராச்சியமே போயிருக்கும் என்று ஆண்டுதோறும் எல்லோருக்கும் காது கேட்கச் சொல்கிற வழி அது.

"அடிக்க வேண்டியதை நீங்கள் ரெண்டு பேரும் விளக்குக் கொளுத்திக் கும்பிடுறியள்," என்றேன். கத்துவதற்கு எனக்குப் பலம் இல்லாமல் போயிருந்தது.

மாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீழ் வீட்டுச் சிங்களப் பெண் மேலே வந்து, என்ன சத்தம், கலியாண வீடா என்று கேட்டார். இல்லை, ஒரு பாத்திரம் நெளிந்துவிட்டது, நிமிர்த்துகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தபோது இவர் குசினிக் கதிரையில் இருந்தார், பறவையைப் பார்த்துக்கொண்டு.

"அந்த ராசாவுக்குப் பயமில்லையாமே?"

எனக்குத் தெரியாது என்றேன். அதைக் கதை சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அது வென்றவர்களின் கதை. தோற்றவர்கள் வெண்கலம் வார்க்க மாட்டார்கள். அதை நான் இவரிடம் சொல்லவில்லை.

"சாத்திரியார் சொல்லாட்டியும் நான் வேற என்னத்தையாவது பிடிச்சிருப்பன்," என்றார். "எனக்குச் சனியில நம்பிக்கை இருக்கெண்டு நினைச்சீரே? எனக்குப் பயம். படுத்தா எழும்பமாட்டனெண்டு பயம். அம்மா பங்குனியெண்டு ஒரு நாள் காட்டினா. அது வரைக்கும் நான் உயிரோட இருப்பனெண்டு எனக்குத் தெரிஞ்சுது. அது போதுமாயிருந்துது."

நான் நிலத்தில் இருந்து இவருடைய முழங்காலைக் கட்டிக்கொண்டேன். இத்தனை நாளாக ஒரு மூடநம்பிக்கையோடு மல்லுக்கட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். என் மனிசன் பயந்துபோய் இருந்தார், நான் பக்கத்தில் படுத்திருந்துகொண்டு அது தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் மேசையில் கிடந்த அகப்பையை எடுத்துப் பறவையின் சொண்டில் ஒரு தட்டுத் தட்டினார். பிள்ளைகள் தட்டிப் பார்ப்பது மாதிரி மெதுவாக. சத்தமே வரவில்லை. பிறகு ஃபோனை எடுத்து நிபுணரின் ஆளிடம் நாள் கேட்டார்.

பங்குனிக்கு இன்னும் நாள் இருந்தது. மாமி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் சத்திர சிகிச்சைக்குப் போகிற காலையில், எல்லோருக்கும் முதல் குளித்து, வெள்ளைச் சீலை உடுத்து, விபூதி மடித்த காகிதச் சரையைக் கையில் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். கூட வாங்கோ என்று யாரும் கூப்பிடவில்லை. தானாக ஓட்டோவில் ஏறி மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். தம்பி, பள்ளம் பார்த்து ஓட்டு என்று நான் சாரதியிடம் சிங்களத்தில் சொன்னபோது, மாமியும் ஓம் மெதுவா என்றார். அன்றைக்கு அவர் என் பேச்சோடு சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான். உள்ளே கூட்டிப் போகும்போது இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பல்லெல்லாம் தெரிய, ஏதோ சுற்றுலா போகிற மாதிரி. பயத்தில் சிரிக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இது நீண்ட சத்திர சிகிச்சை, பின்னேரம் வரைக்கும் எடுக்கும், காத்திருந்து களைத்துப் போகாதீர்கள் என்று முதலே சொல்லியிருந்தார்கள். நானும் மாமியும் நடைபாதையில் இரண்டு கதிரை தள்ளி இருந்தோம். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன், வாங்கினார், குடிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வண்டி வருவதற்கு முதலே நிபுணர் வெளியே வந்துவிட்டார். அவரைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு கெதியாக முடிகிற வேலை இல்லை அது.

என்னை ஒரு பக்கம் கூட்டிப் போய் ஆங்கிலத்தில் சொன்னார். திறந்து பார்த்தார்களாம். கட்டி இரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்துவிட்டதாம், ஈரலிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். எடுக்க முடியவில்லை. மூடிவிட்டார்கள். மருந்து கொடுக்கலாம், காலம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். நீங்கள் சொன்ன நேரமே வந்திருந்தால்? அவர் நிலத்தைப் பார்த்தார். அந்த முதல் ஸ்கான் படத்தில் கட்டிக்கும் இரத்தக் குழாய்க்கும் நடுவில் இடைவெளி இருந்தது என்று மட்டும் சொன்னார். பிறகு என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடைவெளி இருந்தது. எங்களிடம் நேரம் இருந்தது. அந்தக் கிழமைகளை எடுத்து எள்ளெண்ணெயில் எரித்துவிட்டார்கள்.

மாமி கதிரையை விட்டு எழும்பி என்னிடம் வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் முகம் வாசிக்கத் தெரியும். சனி மாறுவதற்கு முதல் வெட்ட வைத்தாய், இப்போது பார் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் வாய் திறந்தவுடன் எறிவதற்கு என் நாக்கு நுனியில் அந்த இடைவெளி இருந்தது. அதைக் கேட்டால் அவர் அதே இடத்தில் விழுந்துவிடுவார் என்று தெரியும். விழவேண்டும் என்றுதான் விரும்பினேன்.

அவர் என் முன்னால் வந்து நின்றார். விபூதிச் சரை கைக்குள் கசங்கிப் பொடி விரல்களுக்குள்ளால் கொட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் என்ன சொன்னார் என்றுகூடக் கேட்கவில்லை.

"நான் மறிச்சதாலயோ, பிள்ளை?"

அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. இந்த மனுசிக்கு இவரை விட்டால் வேறு ஆள் இல்லை. எனக்கும் இல்லை.

"இல்லை மாமி," என்றேன். "முதலே வெட்டியிருந்தாலும் இதுதானாம். டொக்டர் சொன்னவர்."

அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தாதி எங்களைத் தாண்டிப் போகும்வரை பார்த்தார்.

"நீ பொய் சொல்லுறாய்," என்றார். பிறகு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொருக்காச் சொல்லு."

நான் இன்னொருமுறை சொன்னேன்.